யோசனையால் வந்த வருத்தமா? குடல் அழற்சி பற்றி ஆய்வுகூட எலிகள் சொல்வதும் சொல்லாததும்

கிரான் பக்கத்தில் ஒருவருக்கு மாதக்கணக்காக வயிறு சரியில்லை என்றால், அக்கம்பக்கத்தில் அதற்கு ஒரு விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கும்: "கனக்க யோசிச்சு வந்த வருத்தம்." அப்படிச் சொல்பவர்கள் மீது குறை சொல்ல முடியாது. 1990ஆம் ஆண்டின் வன்முறைகளைக் கடந்தவர்கள், 2004இல் சுனாமியைக் கண்டவர்கள், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை இன்றும் தேடுபவர்கள் வாழும் ஊர்கள் இவை. இங்கே யோசனை இல்லாத வீடு எது?

ஆனால் இந்த விளக்கத்துக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. யோசனையால் வந்தது என்று முடிவு செய்துவிட்டால், மேற்கொண்டு தேடுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. மலத்தோடு இரத்தம் போனால் மூலவியாதி, அடிக்கடி வயிற்றால் போனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு மெலிந்தால் கவலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி வருடங்கள் கடந்துவிடும். அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே நோய் இருந்திருந்தால், அதற்குள் குடலில் திருத்த முடியாத சேதம் நடந்து முடிந்திருக்கும்.

குடல் அழற்சி நோய்கள் அப்படிப்பட்டவை. அவை மனக்கவலையால் வருகின்றனவா என்ற கேள்வி கிரானில் மட்டும் கேட்கப்படுவதல்ல. உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் பல பத்தாண்டுகளாக அதைக் கேட்டுவருகின்றன. அதற்குக் கிடைத்த பதில்களில் பெரும்பகுதி சுண்டெலிகளிடமிருந்தும் வேறு சில விலங்குகளிடமிருந்தும் வந்தது. அந்தப் பதில்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எது இந்த நோய்?

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்குகின்றன. ஒன்று, பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்கும் பெருங்குடல் புண் அழற்சி. மற்றது, வாயிலிருந்து மலவாசல் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய குரோன் நோய். முதலாவது பெரும்பாலும் உட்படையோடு நிற்கும். இரண்டாவது குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவி, குடலைச் சுருக்கவோ துளைக்கவோ கூடும். இரண்டிலும் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி, குடலில் வழக்கமாக வாழும் பற்றீரியாக்களுக்கு எதிராகத் தணியாத ஒரு சண்டையை நடத்துகிறது.

கிருமியால் வரும் வயிற்றுளைவு சில நாட்களில் தணிந்துவிடும். குடல் அழற்சி நோய் அடங்கும், பிறகு திரும்பிவரும். இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் இருந்தும் குடலில் புண்ணோ அழற்சியோ காணப்படாத நிலை ஒன்று உண்டு. அதை வைத்தியர்கள் எரிச்சல் குடல் என்பார்கள். மன அழுத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையது அது. அதில் இரத்தம் போகாது. 'யோசனை வயிறு' என்று ஊரில் சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இதுவாக இருக்கலாம். ஆகவே அந்தப் பேச்சில் முழுக்க உண்மை இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. 2003இல் வெளியான இந்தியப் பஞ்சாப் ஆய்வு ஒன்று, அங்கே ஒரு இலட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் கண்டது. இலங்கையில் கொழும்பு, கம்பஹா ஆகிய இரு மாவட்டங்களின் வைத்தியசாலைகளை வைத்து நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் அந்த எண்ணிக்கை இலட்சத்துக்கு 5.3 ஆகவும், குரோன் நோய்க்கு 1.2 ஆகவும் இருந்தது. அது மேற்கு மாகாணத்தின் இரு மாவட்டங்களுக்கான கணக்கு. மட்டக்களப்பு அதில் இல்லை. வைத்தியசாலைக்குப் போய் நோயென்று உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டுமே அந்த முறையில் எண்ண முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதில் பங்குண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நடந்த ஆய்வில், இந்தியாவிலிருந்து குடியேறியோரிடம் பெருங்குடல் புண் அழற்சி உள்ளூர் ஐரோப்பியரைவிட அதிகமாகக் காணப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, சிறு வயதில் வந்து குடியேறுவோருக்கு அபாயம் கூடுவதைக் காட்டியது. பரம்பரை மாறவில்லை, இடம் மாறியது, நோயும் கூடியது. அப்படியென்றால் சூழலில் ஏதோ இருக்கிறது. அது உணவா, கிருமியா, மருந்தா, மன அழுத்தமா என்று பிரித்துப் பார்க்க மனிதர்களை மட்டும் வைத்து முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையில் இவையெல்லாம் ஒன்றாகவே மாறுகின்றன. விலங்குகளின் தேவை எழுவது இங்கேதான்.

மாட்டிலிருந்து தொடங்கிய கதை

கிரானின் மேற்கே மேய்ச்சல் தரைகள் விரிந்து கிடக்கின்றன. மயிலத்தமடு, மாதவனை என்ற பெயர்கள் பண்ணையாளர்களின் நிலப் போராட்டத்தால் நாடெங்கும் தெரிந்தவை. மாடு வளர்ப்போருக்கு ஒரு செய்தி வியப்பைத் தரலாம்: குரோன் நோயின் வரலாறே ஒரு மாட்டு நோயோடுதான் தொடங்குகிறது.

1895இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் யோனே என்ற கால்நடை விஞ்ஞானி, நிற்காமல் கழிந்து மெலிந்து சாகும் ஒரு மாட்டின் குடல் தடித்துப்போயிருந்ததை விவரித்தார். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பற்றீரியாதான் அதற்குக் காரணம். 1913இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் டல்சீல், மனிதர்களிடம் அதேபோன்ற தடித்த குடலைக் கண்டு, இது மாடுகளின் யோனே நோயை ஒத்திருக்கிறது என்று எழுதினார். நியூயோர்க்கில் குரோனும் அவரது இரு சகாக்களும் 1932இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அந்த நோய்க்கு இன்றைய பெயர் நிலைத்தது.

அப்படியானால் மாட்டுக் கிருமிதான் மனிதருக்கும் நோயைத் தருகிறதா? நூறு வருடங்களுக்கு மேலாகியும் அது நிறுவப்படவில்லை. அந்தக் கிருமியைக் குறிவைத்து மூன்று அன்டிபயோட்டிக் மருந்துகளை இரண்டு வருடங்கள் கொடுத்துப் பார்த்த அவுஸ்திரேலியப் பரிசோதனையின் முடிவு 2007இல் வெளியானது. நிலைத்த பலன் கிடைக்கவில்லை. ஆகவே மாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் வேறு பல கிருமிகளுக்காக எப்படியும் நல்லதே. இந்தக் கதை சொல்லும் பாடம் ஒன்றுதான்: விலங்கின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றுபோலத் தோன்றுவதால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை.

ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள்?

மாட்டை வைத்து ஆய்வு செய்வது கடினம். செலவு அதிகம், காலமும் அதிகம். அதனால் இன்று பெரும்பாலான வேலை சுண்டெலிகளில் நடக்கிறது. அவற்றில் மூன்று வழிமுறைகள் முக்கியமானவை.

முதலாவது, இரசாயனத்தால் குடலைப் புண்ணாக்குவது. டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற பொருளைக் குடிதண்ணீரில் கலந்து ஒரு வாரமளவில் கொடுத்தால் சுண்டெலியின் எடை குறையும், மலத்தில் இரத்தம் வரும், பெருங்குடல் சுருங்கிக் குறுகும். 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதை விவரித்த பின்னர் உலகெங்கும் பரவியது. செய்வது எளிது, மலிவானது. ஆனால் இது வெளியிலிருந்து உண்டாக்கிய காயம். தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் ஆறத் தொடங்கிவிடும். மனிதருக்கு வரும் நோய் அப்படி ஆறுவதில்லை.

இரண்டாவது, நோயெதிர்ப்போடு தொடர்பான ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்குவது. மூன்றாவது, நோயெதிர்ப்புக் கலங்கள் இல்லாத சுண்டெலிக்கு வேறொரு சுண்டெலியின் குறிப்பிட்ட ரி-கலங்களைச் செலுத்துவது. கட்டுப்படுத்தும் கலங்கள் இல்லாமல் தாக்கும் கலங்கள் மட்டும் போனால் சில வாரங்களில் குடல் அழற்சி தோன்றும். இந்த ஏற்பாடு, உடலில் சண்டையை மூட்டும் கலங்களோடு சண்டையை நிறுத்தும் கலங்களும் இருக்கின்றன என்பதைப் புரியவைத்தது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், பேராசிரியர் பி. எஸ். ராமகிருஷ்ணா உட்பட, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உதாரணமாகப் பார்ப்போம். நாம் சாப்பிடும் நார்ப்பொருளைக் குடல் பற்றீரியாக்கள் உடைக்கும்போது பியூட்டிரேட் என்ற பொருள் உருவாகிறது. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அதுவே பிரதான எரிபொருள். பெருங்குடல் புண் அழற்சி என்பது இந்த எரிபொருளைப் பயன்படுத்த முடியாமல் கலங்கள் பட்டினி கிடக்கும் நோயாக இருக்கலாம் என்ற கருத்தை 1980இல் ரோடிகர் என்ற ஆய்வாளர் முன்வைத்திருந்தார்.

ஆனால் நோயாளரின் குடலை மட்டும் பார்த்து, பட்டினியால் புண் வந்ததா, புண்ணால் பட்டினி வந்ததா என்று சொல்ல முடியாது. வேலூர் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான வெள்ளைச் சுண்டெலிகளின் குடலை இரசாயனத்தால் புண்ணாக்கி, பிறகு அந்தக் கலங்களைச் சோதித்தார்கள். பியூட்டிரேட்டை எரிக்கும் திறன் அவற்றில் குறைந்திருந்தது. அழற்சி முதலில் வந்தாலும் அந்தப் பட்டினி பின்னால் வரக்கூடும் என்பது இதனால் தெரிந்தது. விலங்கு மாதிரியின் பயன் இதுதான். எது முன்னே, எது பின்னே என்று பிரித்துக்காட்ட அது உதவும்.

இனி யோசனைக்கு வருவோம்

1950களில் மேற்குலக மருத்துவமும் கிரானின் அக்கம்பக்கம்போலத்தான் பேசியது. உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் மனத்தால் வரும் நோய்கள் என்று வகுத்தவற்றில் பெருங்குடல் புண் அழற்சியும் இருந்தது. நோயாளரின் சுபாவத்திலும் தாயோடு அவருக்கு இருந்த உறவிலும் காரணம் தேடினார்கள். இரத்தம் போக்கிக்கொண்டிருப்பவர், நோயோடு சேர்த்து அதற்கான பழியையும் சுமக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழியை இறக்கிவைத்ததில் சுண்டெலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1993இல் ஜேர்மனியின் கொல்ன் நகர ஆய்வாளர்களும் அவர்களது சகாக்களும், இன்டர்லூகின்-10 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பற்றி எழுதினார்கள். நோயெதிர்ப்புக்குக் கடிவாளம் போடும் புரதம் அது. அந்தச் சுண்டெலிகளுக்கு யாரும் துன்பம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவற்றின் குடலில் நாட்பட்ட அழற்சி தோன்றியது. 1998இல் இன்னொரு குழு அதே வகைச் சுண்டெலிகளை எந்தக் கிருமியும் இல்லாத கூண்டுகளில் வளர்த்துப் பார்த்தது. அப்போது குடல் அழற்சி வரவில்லை. வழக்கமான பற்றீரியாக்களைக் கொடுத்ததும் வந்தது. மரபணுக் குறைபாடும் பற்றீரியாவும் சேர்ந்தால்தான் தீ பற்றுகிறது, ஒன்று மட்டும் இருந்தால் பற்றாது என்று அந்தச் சுண்டெலிகள் காட்டின.

2009இல் இது மனிதரிடமும் உண்மையானது. பிறந்த முதல் வருடத்திலேயே கடும் குடல் அழற்சிக்கு ஆளான சில குழந்தைகளிடம், அதே இன்டர்லூகின்-10 வேலை செய்யும் வழியில் மரபணுப் பிழை இருப்பது கண்டறியப்பட்டது. குருதி உற்பத்திக் கலங்களை மாற்றீடு செய்ததில் ஒரு குழந்தையின் நோய் தணிந்தது. கைக்குழந்தைக்கு என்ன யோசனை இருந்திருக்க முடியும்?

அப்படியென்றால் யோசனைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. அது எந்த இடத்தில் என்பதையும் சுண்டெலிகளே காட்டின.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட பரிசோதனை இது. சுண்டெலிகளுக்கு இரசாயனத்தால் குடல் அழற்சியை உண்டாக்கி, ஆறும்வரை ஆறு வாரம் விட்டார்கள். பிறகு அவற்றை அசையவிடாமல் அடைத்து வைத்து மன அழுத்தத்துக்கு உள்ளாக்கி, தனியாகக் கொடுத்தால் நோய் தராத அளவு சிறு இரசாயனத்தையும் கொடுத்தார்கள். ஆறிப்போன குடல் மீண்டும் அழன்றது. ரி-கலங்களின் ஒரு வகை இல்லாத சுண்டெலிகளில் அது நடக்கவில்லை. நோய் கண்டு ஆறிய சுண்டெலியின் அந்தக் கலங்களை, நோயே காணாத சுண்டெலிக்கு மாற்றியபோது அதற்கும் அந்த இயல்பு தொற்றிக்கொண்டது. பழைய அழற்சியின் நினைவு நோயெதிர்ப்புக் கலங்களில் தங்கியிருந்தது. மன அழுத்தம் அதைத் தட்டி எழுப்பியது.

2023இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி போனது. நீண்டகால மன அழுத்தத்தின்போது உடல் தொடர்ந்து சுரக்கும் அழுத்த ஓமோன்கள், குடற்சுவரில் உள்ள நரம்புத் தொகுதியின் துணைக்கலங்களை மாற்றிவிடுகின்றன, அவை அழற்சிக் கலங்களைக் குடலுக்குள் அழைக்கின்றன என்று சுண்டெலிகளில் காட்டினார்கள். மனித நோயாளரின் தரவுகளும் அதே திசையைக் காட்டின. இங்கே ஒரு முரண் இருக்கிறது. அந்த ஓமோன்களுக்கு உறவான ஸ்டீரொயிட்தான் இந்த நோயை அடக்கக் கொடுக்கப்படும் மருந்து. குறுகிய காலம் கொடுத்தால் அழற்சியைத் தணிப்பது, மன அழுத்தத்தால் நீண்டகாலம் சுரந்தால் அதைத் தூண்டவும் செய்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வரும் முடிவு தெளிவானது. யோசனை தனியாக இந்த நோயை மூட்டும் தீக்குச்சி என்று இந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே உள்ள தணலை ஊதிவிடும் காற்றாக அது இருக்க முடியும். போர்தான் எனக்கு இந்த நோயைத் தந்தது என்று நிரூபிக்க எந்தச் சுண்டெலியாலும் முடியாது. போர் தந்த மன அழுத்தத்துக்கும் உங்கள் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று யாராவது சொன்னால், அதுவும் தவறு.

காட்டைவிட்டு வந்த குரங்கு

எலிகளுக்கு வெளியே இன்னொரு விலங்கின் கதையையும் சொல்ல வேண்டும். கொலம்பியாவின் காடுகளில் வாழும், தலையில் பஞ்சுபோல வெள்ளை முடியுள்ள டமரின் என்ற சிறு குரங்கு அது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஆய்வுகளுக்காக ஆயிரக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டது. கூண்டுகளில் வாழ்ந்த அந்தக் குரங்குகளுக்கு யாரும் எதுவும் கொடுக்காமலே பெருங்குடல் புண் அழற்சி வந்தது. பலவற்றுக்குக் குடல் புற்றுநோயும் வந்தது. பின்னர் கொலம்பியக் காட்டில் வாழும் குரங்குகளைப் பரிசோதித்தபோது, அந்த நாட்பட்ட நோய் அவற்றிடம் காணப்படவில்லை. சொந்தக் காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட வாழ்க்கையின் அழுத்தம் இதில் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இடம்பெயர்வு என்ற சொல்லின் கனம் தெரிந்த நமக்கு அந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தக் குரங்குகளால் மனிதருக்குக் கிடைத்த பலன் உண்மையானது. நோயெதிர்ப்புக் கலங்கள் குடலுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரியைக் கொடுத்தபோது அவற்றின் அழற்சி விரைவாகத் தணிந்தது என்று 1996இல் அறிக்கையிட்டார்கள். அதே வழியில் செயற்படும் வெடோலிசுமாப் என்ற மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தக் குரங்கினமோ இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. காடழிப்போடு அந்த ஏற்றுமதியும் அதற்கு ஒரு காரணம்.

எலி குணமானது, மனிதர் குணமாகவில்லை

"குடல் நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்போடு வட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் படிக்கும்போது மூன்று கதைகளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

முதலாவது, இன்டர்லூகின்-10. அது இல்லாத சுண்டெலிக்கு நோய் வருகிறதென்றால், அதை மருந்தாகக் கொடுத்தால் மனிதர் குணமாக வேண்டும் அல்லவா? கொடுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டளவில் வந்த முடிவுகளில், குரோன் நோயாளருக்குச் சொல்லும்படியான பலன் இல்லை.

இரண்டாவது, இன்டர்லூகின்-17. அழற்சியைத் தூண்டும் இந்தப் புரதத்தைத் தடுத்தால் நோய் அடங்கும் என்ற எதிர்பார்ப்பில் குரோன் நோயாளரிடம் ஒரு மருந்து சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி அது பலன் தரவில்லை. போலி மருந்து பெற்றவர்களைவிட அந்த மருந்து பெற்றவர்களுக்குப் பாதகமான விளைவுகளே அதிகம் வந்தன.

மூன்றாவது, குடற்புழு. புழுத்தொற்று உள்ள சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சி குறைவாக வருவதைக் கண்டு, பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை நோயாளருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2005இல் வந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2013இல் பெரிய பரிசோதனைகள் ஏமாற்றத்தில் முடிந்தன.

ஏன் இப்படி? ஆய்வுகூடச் சுண்டெலிகள் ஒரே வயது, ஒரே பரம்பரை, ஒரே உணவு. அவற்றின் நோய்க்கு வயது சில வாரங்கள். மனிதர் ஒவ்வொருவரும் வேறு, அவர்களது நோய்க்கு வயது பல வருடங்கள். சில வேளைகளில் பாதை தலைகீழாகவும் போயிருக்கிறது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து 13 வயதுச் சிறுமி ஒருவரின் குரோன் நோயில் பலன் தந்ததாக நெதர்லாந்து வைத்தியர்கள் 1993இல் எழுதினார்கள். 1998இல் அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் புரதம் மிகையாகச் சுரந்தால் குரோன் போன்ற நோய் வரும் என்று காட்டிய சுண்டெலி 1999இல்தான் வந்தது.

ஆகவே ஒரு செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இது எந்த விலங்கில் நடந்தது? நோய் இரசாயனத்தால் உண்டாக்கப்பட்டதா? நோய் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்தார்களா, வந்த பிறகா? மனிதரிடம் சோதித்தார்களா, எத்தனை பேரிடம்? இவற்றுக்குப் பதில் இல்லாத செய்தியை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது.

விலங்குகளின் வலியும் ஒரு கணக்கில் எழுதப்பட வேண்டும். 1959இல் ரசலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று கோட்பாடுகள்தான் இன்றும் அளவுகோல்: மாற்று இருந்தால் விலங்கைப் பயன்படுத்தாதே, பயன்படுத்தினால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. இலங்கையின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அதாவது ரசல், பர்ச் காலத்துக்கும் அரை நூற்றாண்டு முந்தியது. மாற்று வழிகளும் வளர்ந்துவருகின்றன. 2009இல் சுண்டெலியின் குடல் மூலக்கலத்திலிருந்து ஒரு சிறு குடலையே கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார்கள். 2011இல் மனிதப் பெருங்குடல் கலங்களிலும் அது சாத்தியமானது. ஆனால் பாத்திரத்தில் வளர்ந்த குடலுக்கு மூளை இல்லை, பயம் இல்லை. மன அழுத்தம் குடலை என்ன செய்கிறது என்ற நம் கேள்விக்கு அது இன்னும் பதில் சொல்லாது.

நமக்கு இதனால் என்ன?

நான்கு வாரங்களுக்கு மேல் தொடரும் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம் அல்லது சளி, இரவில் தூக்கத்தை எழுப்பும் மலப்போக்கு, காரணமில்லாத மெலிவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மலவாசலருகே ஆறாத புண் அல்லது சீழ், வளர வேண்டிய பிள்ளை வளராமல் நிற்பது. இவற்றில் எது இருந்தாலும் யோசனை என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இரத்தம் கலந்து வருகிறதா, இரவிலும் போகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் கிளினிக்கில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகாது. சொல்ல வெட்கப்படும் பெண்களுக்கு இந்தக் கொப்பி இன்னும் உதவும்.

நோயை உறுதிசெய்ய, குடலுக்குள் கமரா செலுத்திப் பார்த்து, சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நம் பிராந்தியத்தில் குடல் காசநோயும் குரோன் நோயும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால் இது மிக முக்கியம். காசநோய் உள்ளவருக்கு ஸ்டீரொயிட் மட்டும் கொடுத்தால் ஆபத்து. கிரானிலிருந்து வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் எடுப்பது ஒரு நாள் கூலியை இழப்பது. புலிபாய்ந்தகல் பக்கம் மாரியில் வெள்ளம் பாதையை மூடினால் அதுவும் முடியாது. இது நோயாளரின் அலட்சியம் அல்ல. சுகாதார சேவையின் தூரம். அதைச் சரிசெய்யக் கேட்பது மக்களின் உரிமை.

நோய் உள்ளவர்கள் சுகமாக உணர்ந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஐபுபுரோபன், டைக்லோபினாக் போன்ற வலிமாத்திரைகள் குடலைத் தூண்டக்கூடும், கேட்டே எடுக்க வேண்டும். புகைத்தல் குரோன் நோயை மோசமாக்கும்.

மனதுக்கான உதவியும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். போரில் இழந்தவர்களுக்கு உளவளத்துணை என்பது ஆறுதல் வார்த்தை என்றே பலர் நினைக்கிறார்கள். நீண்டகால மன அழுத்தம் குடற்சுவர் வரை இறங்கி வேலை செய்கிறது என்று சுண்டெலிகள் காட்டிய பிறகு, குடல் கிளினிக்கும் உளநலப் பிரிவும் ஒரே நோயாளரைப் பற்றி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "கனக்க யோசிச்சு வந்த வருத்தம்" என்று சொன்னால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். யோசனையும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, இரத்தம் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால், அடுத்த பஸ்ஸில் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.